மாதுளைக்குச் சிவப்புத் துணி ஆகாது

1

போன வாரம் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு அதிகாரிகள் வந்து, மாதுளை மரத்தில் இருந்த காயையும் பழத்தையும் ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு போனார்கள். திருட்டு இல்லை, சட்டப்படிதான். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பழ ஈ அகப்பட்டதாம். இந்த அடிலெய்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஈ அகப்பட்டால் தெருமுனைக்குத் தெருமுனை பலகை வைத்துவிடுவார்கள். வீட்டில் காய்த்த எலுமிச்சம்பழத்தை அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதிக்குக் கூடக் கொண்டுபோகக் கூடாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பலாச்சுளை விற்கும் தட்டை இவர்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். மயக்கம் போட்டு விழுவார்கள்.

வந்தவர்களில் மூத்தவர் என்னை 'லவ்' என்று கூப்பிட்டார். இந்த ஊரில் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரும் அப்படித்தான் கூப்பிடுவார். முதல் வருஷம் ஒரு பிளம்பர் அப்படிக் கூப்பிட்டதும் நான் உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். அவர் வெளியே நின்று, குழாய் பார்க்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பழகிவிட்டது.

மூத்த அதிகாரி மரத்தில் வெள்ளை மூட்டைகள் தொங்குவதைப் பார்த்து, ஏதாவது பண்டிகையா என்று கேட்டார். என் கணவரின் கிழிந்த வேட்டியில் நான் தைத்த பைகள் அவை. ஊரில் அணிலுக்குப் பயந்து கட்டுவோம், இங்கே கிளிக்குப் பயந்து கட்டுகிறேன். அவர் ஒரு பையை அவிழ்த்துப் பழத்தை அறுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கட்டாமல் விட்டிருந்த பழம் ஒன்றில்தான் புழு நெளிந்தது. நல்ல யோசனை என்று என்னைப் பாராட்டிவிட்டு, நல்ல பழம், புழுப் பழம் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்.

“மரம் இருக்கட்டும், பழம் மட்டும்தான்” என்றார், ஆறுதல் சொல்கிற குரலில்.

மூட்டை கட்டிய மாதுளை மரத்தை ஓர் அதிகாரி அண்ணாந்து பார்த்து நிற்பதை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மரத்தில் தொங்கியது என் அப்பாவின் வேலை. கடைசி மாதத்துச் சம்பளமும் பென்ஷனும் அவருடைய நல்ல பெயரும் அதில் சேர்த்தி.

2

என் அப்பா ராஜமாணிக்கம் ரயில்வேயில் கேட் கீப்பர். விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, கிராமத்துச் சாலை ஒன்று தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் எங்கள் கேட் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் தேடாதீர்கள், மேம்பாலம் கட்டிவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்த புதிதில், அங்கே ஒரு கேட் ரூம், அதை ஒட்டி ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ், ஒரு கைப்பம்பு, சுற்றிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, அவ்வளவுதான். நான் நர்ஸ் படிப்பு முடித்துத் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

கைப்பம்பில் வழிகிற தண்ணீரை அம்மா வீணாக்க மாட்டாள். அம்மா பெயர் கன்னியம்மா. வீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை, ஒரு நாரத்தை. பக்கவாட்டில், பழைய சிலீப்பர் கட்டைகளை நட்டுப் போட்டிருந்த வேலியை ஒட்டி ஒரு மாதுளை. வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்.

எலுமிச்சை ஊருக்குப் பொதுச்சொத்து மாதிரி ஆகிவிட்டிருந்தது. கேட் மூடியிருக்கும்போது வந்து நிற்கும் டவுன் பஸ்ஸிலிருந்து யாராவது ஒரு பெண் தலையை நீட்டி, “எக்கா, வாந்தி வர்ற மாதிரி இருக்குது, ஒரு எலுமிச்சம்பழம் குடேன், மோந்துகினு வர்றேன்” என்பாள். வெள்ளிக்கிழமையானால் லாரிக்காரர்கள் சக்கரத்தில் வைக்கக் கேட்பார்கள். அம்மா முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு பறித்துக் கொடுப்பாள். நாரத்தையை நறுக்கி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து, காய்ச்சல் கண்ட வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவாள். இந்த இரண்டு மரத்தையும் அவள் மரமாக நினைத்ததே இல்லை. அது பாட்டுக்குக் காய்த்தது, அவள் பாட்டுக்குக் கொடுத்தாள்.

மாதுளை விஷயம் வேறு. அப்பாவுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். முண்டியம்பாக்கம் பக்கம் ஒரு கேட், வளவனூர் பக்கம் ஒரு கேட் என்று எங்கே போனாலும் அம்மா போன உடனே ஒரு மாதுளைப் போத்து நடுவாள். மாதுளைக்கு விதை தேவையில்லை, கிளையை ஒடித்து நட்டாலே வேர் பிடித்துவிடும். அது வளர்ந்து பூ வைக்கும் சமயத்தில் மாற்றல் உத்தரவு வரும். அம்மா அந்த மரத்திலிருந்து ஒரு போத்தை ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போவாள். பழத்தை அடுத்து வருகிறவர்கள் தின்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். தன் கையால் நட்ட மாதுளையில் ஒரு பழம் கூட அவள் தின்றதில்லை.

இந்தக் கேட்டில்தான் நிலைத்தோம். அப்பாவுக்கு இதுதான் கடைசி இடம் என்று தெரிந்துவிட்டது. மரமும் வளர்ந்தது. ஆனால் பிஞ்சு விட்டதும் அணில் வந்துவிடும். அணிலுக்குத் தப்பியது வண்டு துளைத்து அழுகும். அப்பா ரிடயர் ஆகப்போகும் வருஷம், கார்த்திகை மழை முடிந்ததும் மரம் கொள்ளாமல் காய் பிடித்தது. பங்குனிக்குள் பழுத்துவிடும் என்று அம்மா கணக்குப் போட்டாள். அப்பாவுக்கு மாசியோடு வேலை முடிகிறது. ரிடயர் ஆனாலும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவகாசம் கொடுப்பார்கள்.

“இந்தத் தபா விடறதா இல்ல” என்றாள்.

3

நடுவில் இந்த ஊர் எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே எலுமிச்சை இல்லாத வீடு கிடையாது. வீடு விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டால் கார் நிறுத்துமிடத்தோடு எலுமிச்சை மரத்தையும் சேர்த்துப் போடுவார்கள். பழம் பெரியது, தோல் தடியானது, ஊறுகாய்க்கு உதவாது. நம் உருண்டைப் பழத்துக்கு இங்கே வேறு பெயர். கடையில் அந்தப் பெயர் தெரியாமல் முதல் ஆறு மாதம் தடித்தோல் பழத்திலேயே சாதம் கிளறினேன்.

எங்கள் மரம் காய்க்காமல் நின்ற வருஷம், பக்கத்து வீட்டுக் கென் வேலிக்கு மேலாக என் கணவரைக் கூப்பிட்டு ரகசியமாக ஏதோ சொன்னார். இவர் முகம் சிவந்து உள்ளே வந்தார். தினமும் இருட்டினதும் ஆண்பிள்ளைகள் மரத்தடியில் போய்ச் சிறுநீர் கழிக்க வேண்டுமாம். இந்த நாட்டு வைத்தியம், பரம்பரையாகச் செய்கிறார்களாம். அம்மனுக்கு மாலை கட்டுகிற மரத்துக்கு இந்த மரியாதை. இவர் செய்யவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் மரம் காய்த்துக் குலுங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நர்ஸ் வேலை பார்த்த குவைத்திலிருந்து இங்கே வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் என் பெட்டியிலிருந்து அம்மா கொடுத்த உப்பு நாரத்தையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பெண் அதிகாரி இது என்ன என்று கேட்டாள். பார்ப்பதற்கு மரப்பட்டை மாதிரி கறுப்பாக இருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த இங்கிலீஷில், நோயாளிகளின் பழம் என்று சொல்லிவைத்தேன். அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். பொட்டலம் தொட்டிக்குள் போனது. இதற்கு ஒரு ரசீதும் கொடுத்தார்கள்.

4

கேட் கீப்பருக்குப் பச்சைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று கொடுத்திருப்பார்கள். வெயிலில் நைந்து கிழிந்தால், சோதனைக்கு வருகிறவர்கள் அதைக் கழித்துவிட்டுப் புதுசு கொடுப்பார்கள். கழித்த துணியை அப்பா விளக்குக் கண்ணாடி துடைக்க வைத்திருப்பார். வீட்டில் துணிக்குப் பஞ்சம். அம்மா அந்தக் கந்தல்களைத் துவைத்து, கையாலேயே தைத்து, சின்னச் சின்னப் பைகளாக்கி மாதுளங்காய்க்குக் கட்டிவிட்டாள். அணில் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. மரம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகத் தொங்கியது பார்க்க நன்றாகவே இருந்தது. அப்பாவும் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு நிறத்தோடு குப்பை கொட்டிய மனிதர், மரத்தில் பார்த்தபோது அது கொடி என்றே அவருக்குத் தோன்றவில்லை. துவைத்துத் தைத்த பிறகு அது வீட்டுத் துணியாகிவிட்டது.

பொங்கல் கழிந்து சில நாள் இருக்கும். அன்றைக்கு எனக்கு லீவு. நல்ல பனி. விழுப்புரத்திலிருந்து மெட்ராஸ் போகும் காலைப் பாசஞ்சருக்காக அப்பா கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் டவுன் பஸ்ஸும் இரண்டு மாட்டு வண்டியும் நின்றன. வேலிக்கு மேலே நீண்டிருந்த மாதுளைக் கிளையில் ஒரு சிவப்புப் பை, கட்டு அவிழ்ந்து, ஒரு முனை மட்டும் நூலில் பிடித்துக்கொண்டிருக்க, வாடைக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

ரயில் டிரைவர் கண்ணில் பட்டது. சிவப்பு ஆடினால் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குச் சட்டம். பிரேக் கிறீச்சிட்டது. எஞ்சின் கேட்டைத் தாண்டிப் போய் நின்றது. பெட்டிகள் சாலையை அடைத்துக்கொண்டன. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீண்டன. டிரைவர் இறங்கி ஜல்லியில் சரக் சரக்கென்று நடந்து வந்தார். அந்த லைனில் வெகுகாலமாக ஓட்டுகிறவர், அப்பாவுக்கு முகப்பழக்கம் உண்டு.

“இன்னா ராஜமாணிக்கம், கையில பச்ச காட்டறே, பின்னால செவப்பு காட்டறே. நான் எதப் பாத்து வண்டி ஓட்டறது?”

அப்பா திரும்பிப் பார்த்தார்.

“நான் காட்டலீங்க. அது மரங்க.”

“மரமா? மரத்த எப்பய்யா டூட்டியில போட்டாங்க?”

பஸ்ஸில் இருந்தவர்கள் வரை சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து கார்டும் வந்துவிட்டார். வண்டி ஏன் நின்றது என்று அவர் எழுதியாக வேண்டும். டிரைவர் மரத்தைப் பார்த்தார், கதவோரம் உறைந்து நின்ற அம்மாவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பெரியவரு அடுத்த மாசம் ரிடயர்டு சார். கேட்டுல மாடு பூந்துடுச்சின்னு போட்டுக்கலாம்.”

கார்டு தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்பா கெடுத்தார்.

“மாடுன்னு எழுதாதீங்க சார். நாளைக்கி வந்து யார் மாடுன்னு கேப்பாங்க. நான் எவன் பேரச் சொல்றது? இங்க வூட்டுக்கு வூடு மாடு வெச்சிக்கினு இருக்கான்.”

“அப்ப இன்னாதான்யா எழுதறது?”

“இன்னா பாத்தீங்களோ அதயே எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டு போனார்கள்.

5

ரயில் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“அவுங்களே மாடுன்னு சொல்லிக்கினு இருக்காங்க, நீங்க வாய மூடிக்கினு இருந்தா இன்னா? பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பேரன்!”

“இல்லாத மாட்டுக்கு எவனாவது இருக்கறவன் தண்டம் கட்டுவான் கன்னியம்மா.”

“இப்ப நீங்க கட்டுவீங்க.”

அப்பா போய்ச் சிவப்புப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பிறகு பச்சைப் பைகளையும் அவிழ்க்க ஆரம்பித்தார். பச்சை இருந்தால் என்ன என்று நான் கேட்டேன்.

“செவப்பு நிக்கச் சொல்லும், பச்ச போவச் சொல்லும். ரெண்டும் என் வேல பாப்பா. மரத்தோட வேல இல்ல.”

எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம். ரிடயர் ஆகப்போகும் நேரத்தில் குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், விசாரணை முடியும்வரை பென்ஷன் நிற்கும். வருஷக்கணக்கில் அலைகிற ஆட்கள் எங்களுக்குத் தெரிந்தே இருந்தார்கள். இதைவிட அப்பாவை அரித்தது வேறு. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மெமோ வாங்கியதில்லை. கேட்டில் ஒரு கோழி கூட அடிபட்டதில்லை என்று மாமன் மச்சான்களிடம் பெருமை பேசுவார். அந்தப் பெருமைதான் அவருக்கு இருந்த சொத்து.

அணிலுக்குக் கட்டிய பை ஆளைக் கவிழ்த்துவிட்டதே என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியும் மறுநாள் தன் பழைய உள்பாவாடையைக் கிழித்து வெள்ளைப் பைகள் தைத்துக் கட்டினாள். பயம் ஒரு பக்கம், பங்குனி ஒரு பக்கம்.

6

கார்டு எழுதியதை விசாரிக்க ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒரு காலையில் டிராலியில் வந்தார். நான்கு ஆட்கள் தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே தள்ளிவர, குடைக்குக் கீழே உட்கார்ந்து வந்து இறங்கினார். கண்டிப்பானவர் என்று பெயர். கேட் ரூமைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கொடிகளைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மாதுளை மரத்தடியில் வந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வெள்ளைப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

“கொடித் துணியை இதுல யார் கட்டினது?”

“நான்தாங்க” என்றார் அப்பா.

நான் அசந்துபோனேன். ஊரில் யாரோ ஒருவன் மாட்டுக்காக உண்மை பேசியவர், இப்போது கண்ணைக் கூடச் சிமிட்டாமல் பொய் சொல்கிறார்.

அம்மா கதவோரத்திலிருந்து நேராக வந்துவிட்டாள். வெளி ஆண்பிள்ளை எதிரில் அவள் அப்படி வந்து நின்று நான் பார்த்ததில்லை.

“பொய்யிங்க ஐயா. நான்தான் கட்டனேன். அவருக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. கேட்டுப் பாருங்க.”

டிராலி ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யார் கட்டினாங்கன்னு என்னை யாரும் கேட்கப் போறதில்லம்மா. இனிமே நடக்காதுன்னு என்ன உறுதின்னு கேட்பாங்க. அதுக்கு நான் என்ன எழுதறது? வெள்ளைத் துணி கட்டியிருக்காங்கன்னா எழுத முடியும்?” என்றவர், கிளையைக் காட்டினார். “மரம் வேலியைத் தாண்டி நிக்குது.”

வெட்டு என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

அப்பாதான் கேட்டார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “ஒரு மாசம் டைம் குடுங்க ஐயா. பழுத்துடும். பறிச்சிக்கினு நானே வெட்டிடறேன்.”

“நான் இன்னிக்கு எழுதியாகணும் ராஜமாணிக்கம்.”

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் கொடுவாள் இருந்தது. அப்பா வாங்கப் போனார், கொடுக்கவில்லை. “நட்டது நான். நீங்க தள்ளுங்க.”

பைகளோடேயே கிளைகளைக் கழித்தாள். பிறகு குனிந்து, முழங்கால் உயரத்தில் அடிமரத்தை வெட்டினாள். மாதுளைக் கட்டை லேசில் விடாது. ஓங்கி ஓங்கி வெட்ட வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் தண்டவாளத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மரம் சாய்ந்ததும் ஏதோ எழுதிக்கொண்டார். தடை அகற்றப்பட்டது, இனி இதுபோல் நிகழ வாய்ப்பில்லை என்று எழுதியதாக அப்பாவிடம் சொன்னார். போகும்போது அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு டிராலியில் ஏறினார். மெமோ வரவில்லை.

அன்று மத்தியானம் அம்மா காய்களை ஒரு முறத்தில் போட்டு உட்கார்ந்தாள். “தோலாவது ஆவும், வயித்துப்போக்குக்கு” என்று அறுத்தாள். உள்ளே முத்துகள் வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவப்புக் கண்டிருந்தன. நான் ஒன்றை வாயில் போட்டுத் துப்பிவிட்டேன். அப்படி ஒரு துவர்ப்பு. அப்பா ஒரு காய் முழுவதையும் உதிர்த்து, கை நிறைய அள்ளி, நிதானமாக மென்று தின்றார்.

“இனிக்குது” என்றார்.

அப்போதுதான் அம்மா அழுதாள்.

7

அப்பா மாலை போட்டுக்கொண்டு ரிடயர் ஆனார். விழுப்புரத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். புது வீட்டில் அம்மா எலுமிச்சை வைத்தாள், மாதுளை வைக்கவில்லை. கேட்டைக் காலி செய்த அன்று அவள் போத்தும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வெட்டின மரத்துப் போத்து எதுக்கு என்று சொல்லிவிட்டாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள்வரை அரிசி கழுவிய தண்ணீரை அந்த வெட்டுக்கட்டையின் அடியில்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை பழகிய பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. மெட்ராஸில் விமானம் ஏற்றிவிட அப்பாவும் அம்மாவும் என்னோடு அதே காலைப் பாசஞ்சரில் வந்தார்கள். பாஸ்போர்ட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் அம்மா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கேட் வந்தது. புது கேட் கீப்பர் பச்சைக் கொடியோடு நின்றார். அவருக்குப் பின்னால், வேலிக்கு உட்பக்கமாக, ஆள் உயரத்துக்குப் புதராக ஒரு மாதுளை. அடியிலிருந்து கிளைத்த தண்டுகள். அதில் வெள்ளை வெள்ளையாகப் பைகள்.

“எம்மா, நீதான் வெட்டினியே?”

“இன்ஸ்பெக்டரு மரத்தத்தானே காட்டனாரு. வேரப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.” அம்மா இன்னும் ஜன்னலை விட்டு நகரவில்லை. “பின்னால வந்த பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்தேன். வேலிக்கி இந்தாண்டயே வளைச்சிக் கட்டு, அணிலு வரும், பை போடு, செவப்பு மட்டும் கட்டாதன்னு.”

அப்பா எதிர் சீட்டில் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் லேசாக ஆடியது. ரயில் ஆட்டமா, அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த மரத்துப் பழத்தையும் அம்மா தின்னவில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் இப்போது இல்லை.

8

எங்கள் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் கயல் ஆனாள். இப்போது மெல்போர்னில் வேலை பார்க்கும் இடத்தில் வெறும் 'கே'. இதற்கு மேல் குறைக்க எழுத்தில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனில் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். மெல்போர்னில் மழை, இங்கே வெயில். அவள் சின்னவளாக இருந்தபோது ஊரைப் பற்றி நான் ஏதாவது ஆரம்பித்தால் கண் கடிகாரத்துக்குப் போகும். நானும் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லிக்கொள்வதில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அதிகாரிகள் வந்துபோன கதையைப் போனில் கேட்டிருந்தாள். நேற்று மத்தியானம் நான் பின்பக்கப் படியில் உட்கார்ந்து மொட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, அடுத்த வருஷம் காய்க்கும், அப்போது பைகளை நான் தைத்துக் கொடுக்கிறேன், கிளியாவது ஈயாவது நெருங்கட்டும் பார்க்கலாம் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவளுக்குத் தையல் நன்றாக வரும். யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

உள்ளே போய் அலமாரியைக் குடைந்து ஒரு துணியை எடுத்து வந்தாள். பள்ளியில் விளையாட்டுக்குப் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை. நல்ல துணி, சாயம் போகாதது, நிறையப் பை தேறும். கத்தரிக்கோலும் கொண்டுவந்திருந்தாள். விரித்து என் மடியில் போட்டாள்.

சிவப்பு.

எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதை வெகு தூரம். சத்தம் கூடக் கேட்காது. ஆனாலும் என் கை அந்தத் துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது.

“இது வேணாம். வெள்ள ஏதாவது இருந்தா எடுத்துக்கினு வா” என்றேன். பல வருஷத்துக்கு அப்புறம் என் வாயில் அந்த ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

“ஏம்மா?” என்று தமிழில் கேட்டாள்.

“ரயில் நின்னுடும்” என்றேன்.